கடலைப் பார்த்த தையல் அறை

நான் ஒரு அடிமுட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போய் நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். மயிலாப்பூரில், படியிறங்கிக் காலாற நடந்தால் கடல் வந்துவிடுகிற தூரத்தில் குடியிருந்தவன் நான். தினமும் காலையில் சாந்தோம் வழியாக மணலுக்குப் போய், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி கைகால்களை உதறிவிட்டு, வரும் வழியில் காபி குடித்துவிட்டு வீடு திரும்புவேன். அப்படிப்பட்டவன், கடலுக்குப் பக்கத்தில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்த வீட்டை விற்றேன். விற்று, பாலவாக்கத்தைத் தாண்டி, கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றில் வீடு வாங்கினேன். இப்போது கடல் என் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வழவழப்பான விளம்பரப் புத்தகம். நான் பணி ஓய்வு பெற்ற சமயம் அது கையில் வந்து சேர்ந்தது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், தென்னை மரங்கள், வீட்டிலேயே ரிசார்ட் வாழ்க்கை என்று போட்டிருந்தார்கள். அட்டையில் தலை நரைத்த ஒருவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அலையோரம் நடந்தார். எனக்கும் தலை நரைத்திருந்தது, எனக்கும் மனைவி இருந்தாள். அந்த ஆளுக்குத் தொப்பை இல்லை என்பதை அப்போதே கவனித்திருந்தால் அவர் வேறு, நான் வேறு என்று புரிந்திருக்கும்.

என் மனைவி ரவிக்கை தைப்பவள். மயிலாப்பூர் வீட்டின் முன்னறைதான் அவள் கடை. பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. வாசலில் எப்போதும் நான்கைந்து ஜோடி செருப்புகள் கிடக்கும், அதுதான் பலகை. ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பெண்களுக்கு அளவு நாடாவில் நம்பிக்கை கிடையாது. தங்களுக்கு மிகச் சரியாக அமைந்த பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று கொடுத்துவிடுவார்கள். மற்ற தையல்காரர்கள் அதை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். இவளிடம் மட்டும், “உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா, அடுத்த தரத்துக்கு எடுத்துட்டு அலைய முடியாது” என்று விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விட்டுப்போன அளவு ரவிக்கைகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. மாட வீதி மாமியுடையது எது, மந்தைவெளிப் பூக்காரம்மாவுடையது எது என்று தொட்டே சொல்வாள். யார் இளைத்திருக்கிறார்கள், யாருக்கு எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் சம்பந்தப்பட்ட கணவன்மார்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். தையலைப் பிரித்துவிடச் சொன்னால் போதும்.

விளம்பரப் புத்தகத்தை அவள் முன்னால் விரித்தபோது, அவள் நீச்சல் குளத்தைப் பார்க்கவில்லை.

“அங்க போய் நான் யாருக்குத் தைக்கிறது?” என்றாள்.

“ஏன், அங்க இருக்கற பொம்பளைங்க ரவிக்கை போடாமயா இருக்காங்க?” என்றேன். எனக்கே ரொம்பப் பிடித்துப்போன நகைச்சுவை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

குடிபோன பிறகுதான் தெரிந்தது, அங்கே அப்படித்தான். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், அல்லது சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மீதி வீடுகளில் தரமணிக் கணினி நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிற இளம் தம்பதிகள். அந்தப் பெண்கள் சட்டை போட்டார்கள், டீ-ஷர்ட் போட்டார்கள். ஓடுவதற்கென்று ஒரு உடை, ஓடாமல் இருப்பதற்கென்று ஒரு உடை வைத்திருந்தார்கள். ரவிக்கை போட்டு நான் பார்த்தது தீபாவளியன்று மட்டும்தான், அதுவும் கடையில் தைத்தே விற்கிற ரவிக்கை.

கடலோரம் குடிவர நினைப்பவர்களுக்கு, விளம்பரப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்களை நான் சொல்லியாக வேண்டும். முதலாவது, இரும்பை நம்பாதீர்கள். கதவுக் கீல், பூட்டு, சைக்கிள், கேஸ் அடுப்பின் அடிப்பாகம், குளிர்சாதனப் பெட்டியின் கால், எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். துருப்பிடிக்காது என்று சத்தியம் செய்து விற்கிற எவர்சில்வர் கம்பிகூட, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் முகத்தில் பழுப்புப் புள்ளி வைத்துக்கொள்ளும். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். பழுதுபார்க்க வந்தவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னையும் அப்படியே பார்த்தார்.

சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்தால் தண்ணீர் நிற்கும். அப்பளம் பொரித்தால் வாணலியிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் வேட்டி மாதிரி மடிந்துவிடும். துவைத்த துணி காயும், ஆனால் காய்ந்த மாதிரி இருக்காது. நிலத்தடி நீரில் சோப்பு நுரைக்காது, குடிநீர் லாரியில் வரும், லாரி எப்போது வரும் என்பது லாரிக்குத்தான் தெரியும். கொஞ்சம் கறிவேப்பிலை வேண்டுமென்றால் வண்டியை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எதற்காகவும் வண்டியை எடுக்காதீர்கள். சென்னை முழுவதும் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிவிட்டு அந்த நேரத்தில்தான் வீடு திரும்பும்.

கடலில் இறங்கலாமா என்று கேட்பீர்கள். இறங்காதீர்கள். இழுப்பு அதிகம். மணலில் நடக்கலாம் என்றால், அது பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் படகு ஏற்றி வலை உலர்த்துகிற இடம். நடக்கிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும், அதுதான் நியாயம். அலையோரம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற திட்டத்தை நான் வந்த வாரத்தில் செயல்படுத்தினேன். வலையில் கால் மாட்டிக்கொண்டது. அவள் கையை உதறிவிட்டு என் காலைப் பிடித்து இழுத்தாள்.

இத்தனையும் சிரித்துக்கொண்டே தாங்கக்கூடியவைதான். தாங்க முடியாமல் போனது தையல் அறை விஷயம்.

வீட்டில் இரண்டு அறைகள் உபரியாக இருந்தன. சாலைப் பக்கம் ஒன்று, கடல் பக்கம் ஒன்று. அவள் சாலைப் பக்கத்து அறையைக் கேட்டாள். வெளிச்சம் இருக்கிறது, புழுதி வந்தால் துடைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை. இத்தனை காலம் சுவரைப் பார்த்துத் தைத்தவள் இனிமேல் கடலைப் பார்த்துத் தைக்கட்டும் என்று, தையல் இயந்திரத்தைக் கடல் பக்கத்து அறையில் ஜன்னலோரமாகப் போட்டேன். அளவு ரவிக்கைகள் இருந்த பீரோவையும் அங்கேயே வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, “எப்படி?” என்றேன். அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். காற்றில் நூல் நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் மறுபடி திறந்தேன். அன்று தொடங்கி அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. அவள் சாத்துவாள், நான் திறப்பேன்.

மயிலாப்பூரிலிருந்து பழைய வாடிக்கைக்காரர்கள் ஆரம்பத்தில் வரத்தான் செய்தார்கள். ஆட்டோ பிடித்து, கூடவே கடலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூட்டமாக வந்தார்கள். இங்கேதான் இன்னொரு தகவல்: இப்படிப்பட்ட இடங்களில் விருந்தாளி வந்தால் வாசல் காவலர் வீட்டுக்காரரின் கைபேசிக்குத் தகவல் அனுப்புவார். வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் வீட்டுக்குப் பதிவு செய்யப்பட்ட கைபேசி என்னுடையது. அந்தச் சமயங்களில் நான் பெரும்பாலும் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பேன். நீந்தத் தெரியாது. கட்டணம் கட்டியாயிற்றே என்று நிற்பேன். கைபேசி கரையில் துண்டுக்கடியில் அதிர்ந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் வெயிலில் காத்திருப்பார்கள்.

மாட வீதி மாமி ஒருநாள் அப்படி நின்றுவிட்டு மேலே வந்து, என்னைக் கண்டும் காணாதவர்போல, என் மனைவியிடம் சொன்னார்: “ஏன்டிம்மா, எங்காத்துல பொண்ணு பார்க்க வந்தவாளைக்கூட இப்படி நிக்க வச்சுண்டு கேள்வி கேட்டதில்லை.”

அந்த முறை தைத்ததை வாங்கிக்கொண்டு போனவர், பிறகு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் நின்றார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, அவசரமாக வேண்டியிருந்ததால் லஸ் பக்கத்தில் ஒரு தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். அளவு ரவிக்கை உங்களிடம் இருப்பதால், போட்டிருந்ததையே அளவுக்குக் கொடுத்தேன் என்றும் சொன்னாள். என் மனைவி பரவாயில்லை என்றாள். பேசி முடித்ததும் பீரோவைத் திறந்து அந்தப் பெண்ணின் ரவிக்கையைத் தேடி எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்து வைத்தாள்.

உள்ளூரில் கிடைத்த ஒரே வாடிக்கை, வாசலில் மீன் விற்கிற அம்மாதான். குப்பத்திலிருந்து கூடையோடு வருவார், கேட்டுக்கு வெளியே உட்காருவார். என் மனைவி கீழே போய் அவருக்கு அளவு எடுத்து வந்தாள். தைத்ததைக் கொடுக்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். அந்த அம்மா என்னைக் காட்டி, “இன்னாக்கா, உன் வூட்டுக்காரு கடலப் பாக்க வந்துட்டு கண்ணாடிய சாத்திகினு உள்ளயே குந்திகினு கீறாரு?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். இந்த இடத்துக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. என்னை வைத்துத்தான் சிரித்தாள் என்றாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் சாந்தோம் டீச்சர் வந்தார். மாதா கோயிலுக்குப் பின்னால் பரம்பரையாகக் குடியிருக்கிற குடும்பம். அவருடைய கல்யாண ரவிக்கையை என் மனைவிதான் தைத்தாள். இப்போது மகளுக்குக் கல்யாணம். வேறு கையில் கொடுக்க மனமில்லாமல் மழையில் பேருந்து பிடித்து வந்திருந்தார். பெண்ணுக்கு எடுத்தது வெள்ளைப் பட்டுப் புடவை. ரவிக்கைத் துணி தனியாக இல்லை, புடவையோடு சேர்த்து நெய்தது, வெட்டி எடுத்தால் அவ்வளவுதான், இன்னொன்று கிடையாது.

“அவ அப்பா இல்லாம நடக்கிற கல்யாணம்க்கா. இந்த ஒண்ணாவது நல்லா அமையணும்” என்றார் டீச்சர்.

என் மனைவி அந்தத் துணியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கை கழுவினாள். இயந்திரத்தின் மேல் பழைய வேட்டியை விரித்துக்கொண்டு தைத்தாள். ஊசியைப் புதிதாக மாற்றினாள். பித்தளைக் கொக்கிகள்தான் வைத்தாள். நானும் அந்த நாட்களில் ஜன்னலைத் திறக்காமல் என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, பீரோக் கதவில் மாட்டிவிட்டு, குளிக்கப் போனாள்.

நான் உள்ளே வந்தேன். அறையில் ஈரவாடை அடித்தது. கல்யாணத்துக்குப் போகிற துணியில் பூஞ்சை வாடை இருக்கலாமா என்று எனக்கு அக்கறை வந்துவிட்டது. மழை விட்டிருந்தது, கடலிலிருந்து நல்ல காற்று. ரவிக்கையை ஹேங்கரோடு எடுத்துக்கொண்டு போய் பால்கனிக் கொடியில் மாட்டினேன். ஹேங்கர், சலவைக் கடையில் கொடுப்பார்களே, அந்த இரும்புக் கம்பி. மாட்டிவிட்டு, அவளிடம் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொலைக்காட்சி முன்னால் தூங்கிப்போனேன். சாரல் அடித்திருக்கிறது. ரவிக்கை வெளியே போனதை அவளும் கவனிக்கவில்லை. பீரோவுக்குள் நான்தான் எடுத்து வைத்தேன் என்று நினைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் கூப்பிட்ட குரலில் என் பெயர் இல்லை, ‘ஏங்க’ இல்லை. வெறும் சத்தம்தான் இருந்தது. வெள்ளைப் பட்டின் இரண்டு தோள்களிலும், கம்பி இருந்த இடத்தில், தேநீர் சிந்தியதுபோல் துரு இறங்கியிருந்தது.

எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துப் பார்த்தாள். பழுப்பு மஞ்சளாயிற்று, அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்திருப்பேன். டீச்சரை அழைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். என்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ‘இங்க வச்சிருந்தோம், கறையாயிடுச்சு’ என்றாள். பிறகு புடவை கட்டிக்கொண்டு தி.நகருக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பால் வெள்ளை, சந்தன வெள்ளை, முத்து வெள்ளை என்று கடைக்காரர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கறைபட்ட ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணியையும் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தாள். பாண்டி பஜாரில் தொடங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தோம். எனக்குப் பசித்தது, சொல்லவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கடையில் ஓரளவுக்கு ஒத்துப்போகிற ஒன்று கிடைத்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். “அங்க வச்சுத் தைக்க மாட்டேன்” என்றாள். நேராக மயிலாப்பூருக்கு, எங்கள் பழைய கட்டடத்தின் கீழ்வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டம்மாவிடம் மூலையில் போட்டு வைத்த ஒரு தையல் இயந்திரம் இருந்தது. எண்ணெய் விட்டு, உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் அங்கேயே வந்து வாங்கிக்கொண்டார். புடவையையும் ரவிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “பரவாயில்லக்கா, யாருக்கும் தெரியாது” என்றார்.

“எனக்குத் தெரியும் டீச்சர்” என்றாள் என் மனைவி.

கல்யாணத்துக்குப் போனோம். பெண் தலையில் முக்காடு போட்டிருந்ததால் தோள் பாதி மறைந்திருந்தது. எல்லோரும் பாட்டுக்கு எழுந்து நின்றபோது, என் மனைவி பாடற்புத்தகத்தைப் பார்க்காமல் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, மாப்பிள்ளைகூட ரவிக்கையை இப்படிப் பார்க்கவில்லை என்று காதில் சொன்னேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். என் வாயிலிருந்து வந்த நகைச்சுவைகளில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், அதைத்தான் எடுப்பேன்.

அதன்பிறகு கடல் பக்கத்து அறையில் அவள் தைக்கவில்லை. பீரோவைத் திறந்து பார்த்தபோது, அளவு ரவிக்கைகளின் கொக்கிகளெல்லாம் துருவேறி ஒன்றின் கறை இன்னொன்றில் படிந்திருந்தது. அவற்றைப் பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு, இயந்திரத்தைச் சின்ன வண்டியில் ஏற்றி, கீழ்வீட்டம்மாவின் முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பேருந்தில் போகிறாள். திருவான்மியூரில் மாறி, அடையாறு தாண்டி, மந்தைவெளியில் இறங்கி நடக்கிறாள். இருட்டிய பிறகு வருகிறாள். செருப்புகள் மறுபடி வாசலில் சேர ஆரம்பித்திருக்கின்றன என்று கேள்வி. மாமியும் வந்தாராம். பழைய அளவு கறையாகிவிட்டது என்றதும், “போறது போ, நானே பழசாயாச்சு” என்று புதிதாக ஒன்று கொடுத்தாராம்.

ஆக, இரண்டு பேருக்கென்று வாங்கிய கடலை நான் ஒருவனாகப் பார்க்கிறேன். அவள் கிளம்பும்போது விடிந்தும் விடியாமலும் இருக்கும், திரும்பும்போது கடல் இருட்டில் சத்தமாக மட்டும்தான் இருக்கும். சில நாட்கள் நானும் மயிலாப்பூருக்குப் போய், பழைய இடத்திலேயே காபி குடித்துவிட்டு, கீழ்வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். உள்ளே பெண்கள் இருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

மயிலாப்பூரில் மறுபடி வீடு வாங்கலாம் என்று விசாரித்தேன். எங்கள் வீட்டை விற்ற விலைக்கு இப்போது அதன் குளியலறைதான் கிடைக்கும். இந்த வீடு நல்ல விலைக்குப் போனால், வாடகைக்காவது அந்தப் பக்கம் ஒதுங்கலாம். ஆனால் இரும்புக் கதவு உதிர்கிற வீட்டை யார் வாங்குவார்கள்?

போன வாரம் ஆள் கிடைத்தார். அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர், கோடம்பாக்கத்தில் குடியிருக்கிறார், ஓய்வு பெறப்போகிறார். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு புத்தகம். தொலைபேசியில், “சார், நீங்க குடுத்துவெச்சவர் சார். கடல் காத்து, அமைதி. நானும் அந்தப் பக்கம் வரலாம்னு பாக்கறேன். என்னென்ன பாத்து வாங்கணும், சொல்லுங்க சார்” என்றார். இரும்பு, லாரி, ஏசி, அப்பளம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று விடாமல் சொன்னேன். எதைச் சொன்னாலும், அதெல்லாம் சமாளிச்சிக்கலாம் சார் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவன், இத்தனை ஆசையாக இருக்கிறவருக்கு என் வீட்டையே கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்து, அதையும் கேட்டுவிட்டேன். மனிதர் நெகிழ்ந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருகிறேன் என்றார்.

அன்று அவள் வீடு திரும்பும் வரை பொறுக்க முடியவில்லை. பேருந்து பிடித்து மயிலாப்பூருக்குப் போனேன். கடைசி வாடிக்கைக்காரி இறங்கிப் போகும்வரை வாசலில் நின்றேன். என் மனைவி கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் தயார், விலை தயார், அவருக்கு எல்லாக் குறையும் சொல்லியாகிவிட்டது, எதையும் மறைக்கவில்லை, அடுத்த மாதமே இந்தத் தெருவில் வாடகைக்கு வந்துவிடலாம், இனிமேல் நீ பேருந்தில் அலைய வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்தவன்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அவர் வீட்டம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?” என்றாள்.